வெயிட் மெஷின்: தாத்தாவுக்கு நாலு ஸ்டார், பிள்ளைங்க விஷயத்துல ஒன்னுகூட குடுக்க மாட்டேன்

எங்க வீடு கோத்தகிரி பக்கம். இந்த கண்ணாடி வெயிட் மெஷின எங்கப்பாவுக்காகத்தான் வாங்குனேன், ஒன்றரை வருஷம் ஆச்சு. அவருக்கு ஹார்ட் பம்பிங் கம்மி, கால் வீங்கும், நாலு படி ஏறுனா மூச்சு வாங்கும், எங்க ஊர்ல நாலு படி ஏறாம எந்த வீட்டுக்கும் போக முடியாது. டாக்டர் நீர் மாத்திரை குடுத்துட்டு, தினமும் காலைல பாத்ரூம் போயிட்டு வந்ததும் வெறும் வயித்துல வெயிட் பாத்து ஒரு நோட்ல எழுதுங்க, மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோவுக்கு மேல ஏறுச்சுன்னா அது சதை இல்ல, உடம்புல தண்ணி சேருது, உடனே கூப்பிடுங்கன்னு சொன்னாரு.

அந்த வேலைக்கு மெஷின் நல்லா இருக்கு, அத மறைக்க மாட்டேன். இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டைய வச்சு பாத்தேன், சரியா காட்டுச்சு. எங்க ரூம்ல பழைய பலகை தரை, அதுல வச்சா ஒவ்வொரு தடவை ஒவ்வொரு நம்பர் வந்துச்சு, சமையல்கட்டு சிமெண்ட் தரைல வச்சதும் சரியாயிடுச்சு, அதனால யாராவது மெஷின் தப்பா காட்டுதுன்னு திருப்பி அனுப்பறதுக்கு முன்னாடி தரைய பாருங்க. போன மழைக்காலத்துல மூணு நாள்ல 2.3 கிலோ ஏறுனத இந்த மெஷின்தான் காட்டிக் குடுத்துச்சு, போன் பண்ணோம், மாத்திரை டோஸ் மாத்துனாங்க, அட்மிட் ஆகாம தப்பிச்சோம். பேஸ்மேக்கர் வச்சவங்க மட்டும் இந்த மாதிரி கொழுப்பு அளக்கற மெஷின்ல ஏறக்கூடாது, அது லேசா கரண்ட் விடும், புக்லெட்லயே போட்டிருக்கு.

இப்ப ஆப் விஷயத்துக்கு வர்றேன், இத எழுதறதே அதுக்காகத்தான்.

மெஷின் வந்த அன்னைக்கு ப்ளூடூத் போட்டு ஆப் இறக்குனேன், குடும்பத்துல இருக்கறவங்க எல்லாரையும் சேருங்கன்னு கேட்டுச்சு, நானும் சந்தோஷமா அஞ்சு பேரையும் சேத்தேன், பொண்ணுக்கு 13 பையனுக்கு 11னு வயசு போட்டேன், அது ஒரு வார்த்தை மறுப்பு சொல்லாம ஏத்துக்கிச்சு. பதினெட்டு வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு கொழுப்பு கணக்கு சரியா வராதுன்னு புக்லெட்டோட கடைசி பக்கத்துல எறும்பு சைஸ் எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கு. நான் அத படிச்சது எல்லாம் நடந்து முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சு.

அப்பாவுக்கு கண்ணாடி இல்லாம நம்பர் தெரியாது, அதனால காலைல அவருக்கு நம்பர் படிச்சு நோட்ல எழுதறது பொண்ணோட வேலை. ரெண்டு பேருக்கும் அது ஒரு பிரியமான வேலை. அவர் இறங்குனதும் இவ ஏறுவா. முதல்ல விளையாட்டாதான் ஏறுனா. ஆப்ல பச்சை, ஆரஞ்சு, சிவப்புன்னு கலர் வரும், அவளுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற கணக்கு) பச்சை, ஆனா "உடல் கொழுப்பு அதிகம்"னு ஆரஞ்சு. ஞாயித்துக்கிழமையானா "இந்த வாரம் எடை கூடியிருக்கிறது"ன்னு நோட்டிபிகேஷன் வேற. அவ வெயிட் எவ்வளவுன்னு இங்க போட மாட்டேன், அது அவளோடது.

அந்த தீபாவளிக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து அவ அத்தை வந்தாங்க, வாசல்லயே வச்சு "என்னடி இப்படி ஊதிட்ட"ன்னு கேட்டாங்க, பாசத்துலதான் கேட்டாங்க. நானும் சும்மா இல்ல, அவ சின்னதுல இருந்து குண்டம்மான்னுதான் கூப்பிடுவேன். மூணு வயசுல அதுக்கு சிரிச்ச பொண்ணு பதிமூணு வயசுல சிரிக்கலங்கறத நான் கவனிக்கல.

அதுக்கப்புறம் நடந்தத நாங்க எப்படி தவற விட்டோம்னு யோசிச்சு பாத்தா, இது மலை மேல இருக்கறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். கீழ ஊர்ல ஒரு பிள்ளை இளைச்சா ரெண்டு வாரத்துல வீட்ல தெரிஞ்சிடும். இங்க நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் உள்ள பனியன், மேல யூனிபார்ம், அதுக்கு மேல ஸ்வெட்டர், வீட்டுக்கு வந்தா ஜெர்கின், தலைல குல்லா, பிள்ளையோட உடம்பையே நாம பாக்கறதில்ல. குளுருதுன்னு சொன்னா யாருக்குத்தான் குளுரல? சாப்பாடு பத்தாத உடம்புக்கு அதிகமா குளுரும், கை விரல் எல்லாம் ஜில்லுனு இருக்கும், அதுவும் இங்க டிசம்பர்ல ஒரு அடையாளமா தெரியாது. காலைல டீ மட்டும் குடிச்சிட்டு பஸ்ஸுக்கு லேட்டாச்சுன்னு ஓடுவா. மத்தியானம் டிபன் பாக்ஸ் காலியா வரும், அத பிரெண்ட்ஸ் சாப்பிட்டது பின்னாடிதான் தெரிஞ்சுது. சாயங்காலம் வர்க்கிய எடுத்து டீல முக்கி ரெண்டு மூணு சாப்பிடற பொண்ணு, வேண்டாம் வயிறு சரியில்லன்னு சொல்லும்போது நாங்க சுக்கு கசாயம் வச்சு குடுத்தோம்.

பொங்கலுக்கு புது துணி போட்டு பாக்கறப்பதான் வீட்டம்மா பாத்துட்டு எங்கிட்ட வந்து அழுதாங்க. மூணு மாசமா பீரியட்ஸ் வரலங்கறதும் அன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. வயசுக்கு வந்த முதல் ஒன்னு ரெண்டு வருஷம் முன்ன பின்ன வரும், ஆனா மூணு மாசம் வரலன்னா காத்திருக்காம காட்டணும்.

குன்னூர்ல ஒரு குழந்தைங்க டாக்டரம்மா கிட்ட கூட்டிட்டு போனோம். அவங்க முதல்ல எங்கள வெளிய உக்கார வச்சிட்டு அவகிட்ட மட்டும் அரை மணி நேரம் பேசுனாங்க, அப்புறம்தான் எங்கள கூப்பிட்டாங்க. நான் ஆப்ப தொறந்து போன நீட்டுனேன், அத கைல கூட வாங்கல. ஒரு சார்ட் எடுத்தாங்க, இந்திய குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015ல வெளியிட்டது, 5 வயசுல இருந்து 18 வரைக்கும் பையனுக்கு தனி பொண்ணுக்கு தனி. பெரியவங்களுக்கு பிஎம்ஐ இவ்வளவுன்னா குறைவு இவ்வளவுன்னா அதிகம்னு ஒரே நம்பர் இருக்கு, வளர்ற பிள்ளைக்கு அப்படி கிடையாது, வயசுக்கு வயசு கோடு மேல ஏறிட்டே போகும், பிள்ளை எந்த கோட்டு பக்கத்துல வளந்துட்டு வந்துச்சோ அதே பக்கத்துல போகுதான்னு பாக்கணும், ஒரு நாள் நம்பர்ல ஒன்னும் இல்லன்னாங்க. பழைய தடுப்பூசி அட்டை, ஸ்கூல்ல எடுத்த உயரம் எடை எல்லாத்தையும் அதுல புள்ளி வச்சு காட்டுனாங்க. தீபாவளி வரைக்கும் அவ வளர்ச்சில ஒரு குறையும் இல்ல. பொங்கலுக்கு வச்ச புள்ளிதான் கீழ இறங்கி இருந்துச்சு.

அவங்க சொன்ன ஒரு விஷயம் மண்டைல நின்னுடுச்சு. ஒரு ஆளோட மொத்த எடைல கிட்டத்தட்ட பாதி இந்த டீன் ஏஜ்லதான் சேருது, உயரத்துல அஞ்சுல ஒரு பங்கு இப்பதான் வருது. பொண்ணுங்களுக்கு இது பசங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கும், நிறைய பேருக்கு முதல்ல சதை போட்டு அப்புறம் உயரம் இழுக்கும், இடுப்புலயும் தொடைலயும் கொழுப்பு சேர்றது உடம்பு சரியா வேலை செய்யறதுக்கு அடையாளம். அப்ப அந்த ஆப் ஆரஞ்சு கலர் போட்டு தப்புன்னு சொன்னது என் பொண்ணு வளர்றதையா!

நான் பறிச்ச பச்சை தேயிலைய ஏத்திட்டு போற வண்டி ஓட்டறவன், தினமும் எடை பாக்கறதுதான் என் பொழப்பு. மழை நாள்ல இலைய தராசுல போட்டா ஈரத்துக்குன்னு கழிச்சுட்டுத்தான் எழுதுவாங்க, ஏன்னா தண்ணிக்கு காசு குடுக்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். மனுஷ உடம்புலயும் அதேதான், உப்பு கூட சாப்பிட்டா, பீரியட்ஸ் வர்ற நேரம், ராத்திரி லேட்டா சாப்பிட்டா, ஒரே நாள்ல ஒரு கிலோ ரெண்டு கிலோ முன்ன பின்ன ஆகும். இந்த ஆப் எதையும் கழிக்காம கூடியிருக்குன்னு மட்டும் சொல்லுது. கொழுப்பு எவ்வளவுங்கறத அது அளக்கறதே இல்ல, ஒரு பாதத்துல இருந்து இன்னொரு பாதத்துக்கு கரண்ட் போற தடைய வச்சு பெரியவங்களுக்கு போட்ட ஃபார்முலால ஊகம் பண்ணுது, கால் ஈரமா இருந்தா ஒரு நம்பர் காஞ்சிருந்தா ஒரு நம்பர்.

சின்னவனுக்கு இதே ஆப் தலைகீழா பண்ணுச்சு. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் போடறேன், 140 செ.மீ. உயரம், 31.5 கிலோ, பிஎம்ஐ 16 வரும். ஆப்ல "எடை குறைவு". பெரியவங்களுக்கு 18.5க்கு கீழ போனா குறைவு, அந்த கணக்க பதினோரு வயசு பையனுக்கு போட்டிருக்கு. டாக்டரம்மா சார்ட்ல அவன் நல்லபடியா இருக்கான். ஆனா அதுக்குள்ள அவன் பிரெண்டோட அண்ணன் ஜிம் போறாராம், புரோட்டீன் பவுடர் வாங்கித்தான்னு ஒரு மாசமா கேட்டுட்டு இருந்தான். பசங்களுக்கு இந்த கவலை இல்லன்னு யாரும் நினைக்காதீங்க, பொண்ணு ஒல்லியாகணும்னு நினைக்குது, பையன் தோள் அகலமாகணும்னு நினைக்கறான், ரெண்டும் ஒரே வலிதான்.

பொண்ணுக்கு ரத்தம் எடுத்து பாத்தாங்க, ஹீமோகுளோபின் 9.8, அந்த வயசுக்கு 12க்கு கீழ இருந்தாலே ரத்தசோகை. இரும்பு மாத்திரை எழுதிட்டு ஒன்னு சொன்னாங்க, சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரமாவது தள்ளி குடிங்க, டீ இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. டீய வச்சே சோறு திங்கற எங்க வீட்ல சோத்து தட்ட கழுவறதுக்கு முன்னாடி டீ வந்துடும், அத மாத்த ரொம்ப நாள் ஆச்சு, இப்ப மாத்தியாச்சு. மனநல டாக்டர்கிட்ட மூணு தடவை பேச வச்சாங்க, பக்கத்துல அப்படி யாரும் இல்லாதவங்க 14416க்கு கூப்பிடலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு இல்ல, தமிழ்ல பேசலாம்.

நான் தயங்கி தயங்கி ஒன்னு கேட்டேன், நெசமாவே எடை அதிகமா இருக்கற பிள்ளைக்கு என்னங்க பண்றதுன்னு. அதுக்கும் பட்டினி போடறது கிடையாதுன்னாங்க. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு எடை அப்படியே நின்னா போதும், உயரம் வந்து சரி பண்ணிடும், டாக்டர் பாத்துட்டு சொல்லணும், வீட்ல முடிவு பண்ணக்கூடாது. பாட்டில் கூல்டிரிங்ஸ நிறுத்துனா வீட்ல எல்லாருக்கும் நிறுத்துங்க, ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி தட்டு வைக்காதீங்க. தினமும் ஒரு மணி நேரம் ஓடியாடணும், எட்டு மணி நேரமாவது தூங்கணும், எல்லாத்துக்கும் மேல உடம்ப வச்சு பேர் வைக்காதீங்கன்னு என்னைய பாத்து சொன்னாங்க. நான் குண்டம்மா விஷயம் சொல்லவே இல்ல, அவ சொல்லிருக்கா. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல வச்சு மன்னிப்பு கேட்டேன். "பரவால்லப்பா"ன்னா, கொஞ்ச நேரம் கழிச்சு "ஆனா இனிமே கூப்பிடாத"ன்னா. கூப்பிடறதில்ல.

ஆப்ப அழிச்சுட்டேன், அழிக்கறதுக்கு முன்னாடி உள்ள போய் பிள்ளைங்க டேட்டாவ தனியா டெலீட் பண்ணேன், ஆப்ப மட்டும் தூக்குனா கணக்கு அங்கயேதான் இருக்கும். அப்பாவுக்கு நம்பர் படிக்கற வேலைய நான் எடுத்துக்கிட்டேன். அது மட்டும் பொண்ணுக்கு வருத்தம், அதுக்கு பதிலா தாத்தாவுக்கு மாத்திரை எடுத்து குடுக்கறது இப்ப அவதான். பழைய மாதிரி ஒரே நாள்ல ஆகல, நாலஞ்சு மாசம் ஆச்சு, சில நாள் தட்டுல பாதி அப்படியே இருக்கும், யாரும் ஒன்னும் சொல்ல மாட்டோம், எல்லாரும் ஒன்னா உக்காந்து சாப்பிடறது மட்டும் விடல. ராகி களியும் கீரைக்குழம்பும் வச்சா இப்ப ரெண்டாவது தடவை கேக்கறா. ஜூன்ல யூனிபார்ம் தைக்க கொடுத்தப்ப டைலர் அண்ணன் வளர்ற பொண்ணுன்னு சொல்லி உள்ள ரெண்டு இன்ச் துணி மடிச்சு விட்டாரு, போன வாரம் அத பிரிச்சு விட அவளே கொண்டு போய் குடுத்துட்டு வந்தா.

மெஷின் வாங்கலாமான்னு கேட்டா, வீட்ல ஹார்ட் பேஷண்ட், கிட்னி பேஷண்ட் இருந்து டாக்டர் தினமும் பாக்க சொல்லிருந்தா தாராளமா வாங்குங்க, ஆனா ஆப் இல்லாத சாதா மாடலே போதும், விலையும் கம்மி. பிள்ளைங்களுக்கு உயரமும் எடையும் டாக்டர்கிட்டயோ ஸ்கூல் செக்கப்லயோ பாத்துக்கலாம், வீட்ல தேவையில்ல. ஏற்கனவே இந்த மாடல் வாங்கிட்டவங்க பெரியவங்கள சாக்ஸோட ஏத்துங்க, வெறும் கால் பட்டாத்தான் கொழுப்பு கணக்கு வரும், சாக்ஸ் போட்டா எடை மட்டும் வரும். நம்ம ஊர் காலை குளுருக்கு அந்த கண்ணாடி ஐஸ் மாதிரி இருக்கும், அதுக்கும் ஆச்சு. வழுக்கும், அதனால பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும், ஆனா ஏறுனவர தொடாம நிக்கணும், பிடிச்சா நம்பர் மாறிடும்.