அணை நீர்மட்டத்தை இணையத்தில் பார்க்கும் பழக்கம்: ஏழு வருட அனுபவம்

நான் இருப்பது பெங்களூரு மகாதேவபுரா பக்கம். சித்தப்பா மன்னார்குடி அருகே நெல் போடுகிறார். கேஆர்எஸ்ஸில் (காவிரியின் குறுக்கே கர்நாடகத்தில் உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணை) தண்ணீர் இறங்கினால் எனக்கும் கவலை, அவருக்கும் கவலை. 2018இல் "என்னப்பா, கேஆர்எஸ் எவ்வளவு நிக்குது?" என்று அவர் போனில் கேட்கத் தொடங்கியதிலிருந்து அணைத் தகவல் பார்ப்பது என் காலை வேலையாகிவிட்டது. கர்நாடக இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் தரும் அணை நிலவரம், மத்திய நீர் ஆணையத்தின் வியாழக்கிழமை அறிக்கை, மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-டபிள்யுஆர்ஐஎஸ், இந்த மூன்றும்தான் பெரும்பாலும்.

முதல் சில மாதங்கள் எண்களைத் தப்பாகவே படித்தேன். கேஆர்எஸ்ஸின் முழு மட்டம் 124.80 அடி, கபினி அணைக்கு 2,284 அடி என்று இருக்கும். கபினி அவ்வளவு ஆழமா என்று திகைத்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது, கபினி, ஹேமாவதி, ஹாரங்கி மூன்றுக்கும் கடல் மட்டத்திலிருந்து கணக்கு. இதை அட்டவணையின் அடியில் ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும். அலகும் அப்படித்தான். மாநிலக் கணக்கு டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) இருக்கும், மத்திய அறிக்கை பில்லியன் கன மீட்டரில் இருக்கும். மேட்டூரின் 93.47 டிஎம்சி அங்கே 2.647 ஆகிவிடும்.

அடியை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். மேட்டூர் 60 அடியில் நிற்கும்போது உயரம் பாதி, ஆனால் தண்ணீர் கொள்ளளவில் கால் பங்கைச் சற்றே தாண்டும். அணை மேலே போகப் போக அகலம். அதனால் நான் இப்போது நீர் இருப்பையும் வரத்தையும்தான் பார்க்கிறேன். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டிஎம்சி. இந்த ஒரு கணக்கு மனப்பாடமாக இருந்தால் மற்றதெல்லாம் வாய்க்கணக்கு.

இந்த எண்களின் அருமை 2023 செப்டம்பரில் தெரிந்தது. தமிழகத்துக்குக் காவிரி நீர் விடுவதை எதிர்த்துக் கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்த வாரம். குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் "மேட்டூர் நிரம்பி இருக்கு, இன்னும் கேக்கறாங்க" என்று ஒரு செய்தி சுற்றியது. நான் வாதாடவில்லை. அன்றைய இரண்டு அணை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். மேட்டூர் 40 அடி வாக்கில், கேஆர்எஸ் 100 அடிக்கும் கீழே. எதிர்வீட்டுக் கன்னட நண்பர் அன்று மாலை வந்து, "இதை எங்கே பார்க்கணும்?" என்று கேட்டார். இங்கே தண்ணீர் போதாதோ என்ற அவர் பயமும் நியாயமானது என்பதை அதே எண்கள் எனக்குக் காட்டின. இப்போது குழுவில் தினமும் நிலவரம் போடுவது அவர்தான்.

நிலத்தடி நீர் விஷயத்தில் இணையம் எனக்கு இவ்வளவு உதவவில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் கண்காணிப்புக் கிணறுகளை வழக்கமாக வருடத்துக்கு நான்கு முறை அளக்கிறது. பருவங்களை ஒப்பிட அது நல்ல கணக்கு. ஆனால் 2024 மார்ச்சில் எங்கள் 1,100 அடி போர்வெல் காற்றை இறைத்தபோது, அருகிலிருந்த கண்காணிப்புக் கிணற்றின் அளவு சுமாராகவே இருந்தது. பாறைப் பூமி இது. மேல்மட்டக் கிணற்று நீர் ஒன்று, பாறை வெடிப்பில் ஓடும் ஆழத்து நீர் வேறு. எந்த ஆழத்துக் கிணறு என்பதை வரைபடத்தில் புள்ளிக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். அந்த மாதங்கள் டேங்கர் தண்ணீரில் ஓடின. அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கிய பிறகுதான் எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது.

குறை சொன்னால் இரண்டு. நான் நம்பியிருந்த ஒரு தளத்தைப் புதுப்பித்தார்கள். அழகாக ஆயிற்று, ஆனால் நான் சேமித்து வைத்திருந்த பழைய இணைப்புகள் எல்லாம் செத்துவிட்டன. இன்னொன்றில் தினசரி அட்டவணையை ஸ்கேன் செய்த படமாக ஏற்றுகிறார்கள். மக்கள் பணத்தில் அளந்த எண் அது, எக்செல்லில் எடுக்கும்படி தரக் கூடாதா? ஒவ்வொரு காலையும் கையால் தட்டச்சு செய்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, அணை அட்டவணையில் "சென்ற ஆண்டு இதே நாளில்" என்ற ஒற்றைப் பத்தி. அசையும் வரைபடங்களைவிட அதுதான் எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது. போனில் மெதுவான இணைப்பிலும் திறக்கும். புதிதாகப் பார்க்க வருபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

சித்தப்பா இப்போதும் அழைக்கிறார். பாசனத்துக்கு மேட்டூரை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் தினமும். ஆனால் எத்தனை அடி என்று கேட்பதை விட்டுவிட்டார். "வரத்து எவ்வளவுப்பா?" என்றுதான் கேட்கிறார்.