ஒரே துடிப்பா, நான்கு துடிப்பா? முப்பரிமாண எக்கோவும் தையல் கோடும்

இதயத்தை முப்பரிமாணமாகப் பிடிக்க, ஒலியலைகளால் படமெடுக்கும் எக்கோ கருவியில் இரண்டு வழிகள் உண்டு. முழு உருவத்தையும் ஒரே துடிப்பில் எடுத்துவிடலாம்; அல்லது நான்கு துண்டுகளாக்கி, துடிப்புக்கு ஒரு துண்டாக எடுத்து, கருவியே ஒட்டித் தருமாறு விடலாம். பல காலம் நான்கு துடிப்பு முறையையே நம்பியிருந்த நான், மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கதவு) சுருங்கிய நோயாளிகளுக்கு இப்போது ஒரே துடிப்பு முறையையே முதலில் எடுக்கிறேன்.

இப்படி இரண்டு வழிகள் வேண்டியிருப்பதற்குக் காரணம் ஒலியின் வேகம். திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்கிறது. 15 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப ஏறத்தாழ 200 மைக்ரோநொடி ஆகிறது என்பதால், நொடிக்கு 5000 ஒலிக்கதிர்களுக்குமேல் அனுப்ப வழியில்லை. ஓர் உருவத்துக்கு 60 வரிசை, வரிசைக்கு 60 கோடு என்று வைத்தால் 3600 கோடுகள் தேவை. ஒவ்வொன்றாக அனுப்பினால் நொடிக்கு இரண்டு உருவங்கள்கூடத் தேறாது. ஒரு கதிருக்குப் பல கோடுகளைச் சேர்த்து வாங்கியும் பற்றாததால்தான் துண்டு போடும் உத்தி வந்தது.

துடிப்பு சீராக உள்ளவரிடம் இடது வென்ட்ரிக்கிளின் (கீழறையின்) கொள்ளளவை அளக்கவும், இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரோடு பெரிய பரப்பைப் பார்க்கவும் நான்கு துடிப்பே மேல். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் துண்டுகளை ஒட்டும் இடத்தில், அதாவது தையல் கோட்டில் இருக்கிறது. ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் எழும் கூர்முனையான ஆர் அலையை வைத்தே கருவி துண்டுகளைப் பொருத்துகிறது. நான்கு ஷீட் சினிமா போஸ்டரைச் சுவரில் ஒட்டும்போது ஒரு ஷீட் விரல் அளவு இறங்கினால் நாயகனின் மூக்கு எங்கே போகுமோ, அங்கேதான் வால்வின் இதழும் போகும். நோயாளி பிடித்திருந்த மூச்சை விட்டாலும், மார்பில் வைக்கும் ப்ரோப் சற்று நழுவினாலும், துடிப்பு தவறினாலும் இது நேரும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களில் பலருக்கு, துடிப்பு ஒழுங்கின்றி ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் இருக்கும். அடுத்தடுத்த துடிப்புகளின் நீளமே ஒத்துப்போகாதபோது துண்டுகள் எப்படிப் பொருந்தும்? அப்படி ஒருவரிடம், முன் இதழில் ஒரு பிளவு இருப்பதுபோல் எனக்குத் தெரிந்தது. சந்தேகத்தோடு ஒரே துடிப்பில் மீண்டும் எடுத்தபோது இதழ் முழுதாக இருந்தது. முதல் படத்தைத் திரும்பப் பார்த்தேன்: அந்தப் 'பிளவு' இதழோடு நிற்காமல் நேர்க்கோடாக வால்வைச் சுற்றிய வளையத்தையும், அதைத் தாண்டி ஏட்ரியத்தின் (மேலறையின்) சுவரையும் வெட்டிச் சென்றிருந்தது. உடலில் எந்தப் பிளவும் அளவுகோல் வைத்ததுபோல் அப்படி ஓடாது. ப்ரோப்பைத் திருப்பினால் கோடும் கூடவே திரும்பும் என்பது இன்னொரு அடையாளம்.

ஒரே துடிப்புக்கும் விலை உண்டு. நான் பயன்படுத்தும் கருவியில் பரந்த பரப்புக்கு நொடிக்கு 9 உருவங்களே கிடைக்கின்றன. நிமிடத்துக்கு 90 முறை துடிக்கும் இதயத்தில் இது துடிப்புக்கு ஆறு; வால்வு திறந்திருக்கும் நேரத்துக்கு மூன்று அமைந்தாலே அதிகம். வால்வின் வாய் மிக அகலமாகத் திறக்கும் கணம் இரண்டு படங்களுக்கு இடையே நழுவினால், வாயின் பரப்பளவு குறைவாக வரும். 1.5 சதுர செ.மீ.க்குக் கீழே கடுமையான சுருக்கம் என்று கொள்ளும்போது, பலூனால் வால்வை விரிக்கும் சிகிச்சையைப் பற்றிய முடிவையே இந்தச் சிறு பிழை அசைத்துவிடக்கூடும். எனவே வால்வை மட்டும் உள்ளடக்கும்படி பரப்பைக் குறுக்கி வேகத்தைக் கூட்டிக்கொள்கிறேன். பல துடிப்புகளில் அளந்து சராசரி எடுக்கிறேன்.

கெயினை (திரும்பி வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தால் மெல்லிய இதழில் இல்லாத ஓட்டை தோன்றுவதும், கூட்டினால் வால்வின் வாய் சிறுப்பதும் இரண்டு முறைகளுக்கும் பொது. குழந்தைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. நிமிடத்துக்கு 130 துடிக்கும் இதயத்தில் 9 உருவங்கள் என்றால் துடிப்புக்கு நான்குதான் மிஞ்சும் என்பதால், என் தேர்வை அங்கே அப்படியே பரிந்துரைக்க மாட்டேன்.