காற்றாலை வேலைக்கு எந்த ரோபோ நல்ல கூட்டாளி?

ஆரல்வாய்மொழியில் தென்மேற்குக் காற்று பிடிப்பதற்குள் காற்றாலைப் பிளேடுகளைப் பார்த்து முடித்தாக வேண்டும். கயிற்றில் தொங்கிச் செய்யும் வேலை. ஒருவர் உயிர் இன்னொருவர் கையில். இந்த அணியில் ரோபோவும் சேரும் என்றால் எதை நம்பிச் சேர்ப்பது?

முதல் வகை, பிளேடு முழுவதையும் தானே படமெடுத்து "சரி" அல்லது "பழுது" என்று முடிவை மட்டும் சொல்லும். இரண்டாவது, "இங்கே ஒரு கோடு தெரிகிறது, விரிசலா அழுக்கா என்று உறுதியில்லை, நீங்கள் பாருங்கள்" என்று கேட்கும். முகமும் இனிய குரலும் வைத்த மூன்றாவதும் உண்டு, அதை விட்டுவிடலாம். 2011இல் ஹான்காக் என்ற ஆய்வாளரின் குழுவினர், மனிதர் ரோபோவை நம்புவது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நம்பிக்கையை அதிகம் தீர்மானித்தது ரோபோவின் வேலைத்திறன்தான். தோற்றத்துக்கு அவ்வளவு பங்கில்லை.

அப்படியானால் வேகமான முதல் வகைதானே ஜெயிக்க வேண்டும்? எனக்குப் பயமே அங்கேதான். 2016இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஒரு ரோபோவை வழிகாட்டியாக விட்டு, பிறகு புகையைக் கிளப்பித் தீ எச்சரிக்கை மணியை ஒலிக்கவிட்டார்கள். ஆய்வில் கலந்துகொண்ட 26 பேரும் அதன் பின்னாலேயே போனார்கள். அவர்களில் பாதிப் பேர் சில நிமிடங்களுக்கு முன்புதான் அதே ரோபோ வழி தவறியதைக் கண்ணால் பார்த்தவர்கள்! "சரி" என்று மட்டும் சொல்லும் ரோபோவிடம் நாமும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு போவோம்.

இரண்டாவதிலும் குறை இல்லாமல் இல்லை. பூச்சி ஒட்டிய இடத்துக்கெல்லாம் கூப்பிட்டால் மூன்றாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்புறம் உண்மையான விரிசலும் அதோடு போய்விடும்.

இருந்தும் நான் இதன் பக்கம்தான். "மக்கா, நில்லு. கயித்து முடிச்ச இன்னொரு மட்டம் பாக்கேன்" என்று சொல்கிற ஆளோடுதான் மறுநாளும் தைரியமாக ஏறுகிறேன்.

ஆனால் நேராக மேலே ஏற்றிவிடக் கூடாது. தொடக்கத்தில் நேரும் பிழை, பின்னால் நேர்வதைவிட நம்பிக்கையை அதிகம் குலைக்கும் என்று 2013இல் தேசாய் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கழற்றிப்போட்ட பழைய பிளேடில், எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விரிசல்களை அது தேடட்டும். எதைத் தவறவிடுகிறது, எதற்கு வீணாகக் கூப்பிடுகிறது என்று ஒரு வாரம் கூட நின்று குறித்துக்கொள்கிறோம். தை பிறந்து மழை விட்டதும் மேலே ஏற்றலாம்.