நெஞ்சுக்கறிக்கு மின் புகையடுப்பா, கரியடுப்பா?

மும்பை செம்பூரில், எங்கள் மொட்டைமாடியில், எருமையின் நெஞ்சுக்கறியை இரண்டு விதமாகவும் புகையில் வேகவைத்துப் பார்த்துவிட்டேன். முதன்முறை இறங்குபவர்களுக்கு மின் புகையடுப்பையே சொல்வேன்.

காரணம் வெப்பம். இந்தக் கறிக்கு 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு பல மணி நேரம் சீராக வேண்டும். கரியடுப்பில் காற்றுத் துளையைச் சற்றுக் கூடுதலாகத் திறந்தாலே அனல் எகிறிவிடும். மழைக்காலத்தில் கரியே நமுத்துப்போகிறது. மின்னடுப்பில் வெப்பத்தைக் குறித்துவிட்டால், புகைக்காகப் போடும் மரச்சில்லு தீர்ந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மழை படாத இடம் கட்டாயம்.

எந்த அடுப்பானாலும், கறியின் உள்வெப்பம் 70 டிகிரியை நெருங்கியதும் மணிக்கணக்கில் அப்படியே நின்றுவிடும். ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதால் வருவது அது. பதறாமல் அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். 95 டிகிரி வாக்கில், குத்திப் பார்க்கும் கம்பி தடையின்றி வழுக்கி இறங்கும். ஜவ்வு கரைந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்.

சுவையில் கரியடுப்பே மேல். ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையமும் கறுத்த மொறுமொறு மேற்பரப்பும் மின்னடுப்பில் அவ்வளவாக அமைவதில்லை. எருமைக்கறியில் கொழுப்பு குறைவு என்பதால், மேலிருக்கும் கொழுப்புப் படலத்தை மட்டும் சீவி எறிந்துவிடாதீர்கள்.