மவுண்ட் வெர்னனா, மான்டிசெல்லோவா? எஸ்டேட்டுக்காரர்களுக்கு ஓர் அலசல்

மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்போது வர்ஜீனியா, மேரிலாந்து என்று வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா போனால் வெள்ளை மாளிகை முன்னால் ஒரு போட்டோ. அடுத்து, பழைய ஜனாதிபதி ஒருத்தர் வீட்டைப் பார்க்கலாம் என்பான் மகன். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன், அல்லது தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ. இரண்டுமே அந்தக் காலத் தோட்டங்கள். "தேயிலைக்குள்ளயே பொறந்தவனை அங்கயும் எஸ்டேட்டுக்கா கூட்டிட்டுப் போறீங்க?" என்று பெரியப்பா ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பங்களாவைப் பார்த்ததும் "லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எங்கே?" என்று தேடுகிற கண் நம் ஆட்களுக்குத்தான் உண்டு.

தூரத்தில் மவுண்ட் வெர்னன் ஜெயிக்கிறது. வாஷிங்டன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர்; ஹண்டிங்டன் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தே போய்விடலாம். மான்டிசெல்லோவுக்கு இரண்டரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், சார்லட்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மலை உச்சி என்று பெரிதாகச் சொல்வார்கள். உயரம் சுமார் 260 மீட்டர். 1,500 மீட்டரில் குடியிருக்கும் மூணாறுக்காரருக்கு அது வெறும் மேடு. டிக்கெட் கவுன்ட்டர் இருக்கும் இடத்திலிருந்து உச்சிவரை ஷட்டில் பஸ் உண்டு. முட்டி வலிக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை.

அழகுக்கு எது? வெர்னனின் பின்தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே போட்டோமாக் ஆறு. அந்தக் காட்சிக்கு ஈடு மான்டிசெல்லோவில் கிடையாது. வெளிச்சுவர் கல் போலத் தெரியும். தட்டிப் பார்த்தால் பலகை. பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மணலை வீசிக் கல்லாக்கியிருக்கிறார்கள். நடு ஹாலில் பாரிஸின் பாஸ்டில் சிறைச் சாவி தொங்குகிறது, பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் 1790-ல் கொடுத்தனுப்பியது.

மான்டிசெல்லோ வீடு ஒரு தனி மனிதனின் கிறுக்கு. 1769-ல் கட்டத் தொடங்கி, பாதியை இடித்து, 1809 வரை மாற்றி மாற்றிக் கட்டிய வீடு. ஐந்து சென்ட் நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் குவிமாடம் தெரியும். 1987-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. மாடிப்படி இரண்டடி அகலம்தான். சாதாரண டூரில் மேலே விடுவதில்லை. எனக்குப் பிடித்தது வாசல் ஹாலில் இருக்கும் கடிகாரம். கயிற்றில் தொங்கும் குண்டுகள் இறங்க இறங்கச் சுவரில் எழுதிய கிழமை தெரியும். வாரம் முழுக்க இறங்க உயரம் போதவில்லை. தரையில் ஓட்டை போட்டு சனிக்கிழமையை நிலவறைக்குள் தள்ளிவிட்டார்! வெளிப்பக்கத்து முகத்தில் மணி முள் மட்டும். நிமிட முள் கிடையாது. கூரை மேலே இருக்கும் சேகண்டி மணிக்கொரு தரம் அடித்தால் வயல்வரை கேட்குமாம். நம்ம ஃபாக்டரி சங்கு மாதிரிதான்.

இனிதான் விஷயம். வாஷிங்டன் 1799-ல் இறந்தபோது வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். தனக்குச் சொந்தமான 123 பேரை விடுவிக்கச் சொல்லி உயில் எழுதிவைத்தார்; மனைவி வழிக் குடும்பச் சொத்தாக வந்தவர்களை அவரால் விடுவிக்க முடியாது. ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமையாக வைத்திருந்தவர். எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய அதே கை. 1826 ஜூலை 4 அன்று கடனோடு செத்தார். அடுத்த ஜனவரியில் வீட்டுச் சாமானோடு மனிதர்களும் ஏலத்துக்கு வந்தார்கள்.

ஆள் என்று பார்த்தால் வாஷிங்டன் ஒரு படி மேல். ஆனால் கதையை நேராகச் சொல்வது மான்டிசெல்லோதான். வீட்டை ஒட்டியே மல்பெரி ரோ என்ற பாதை. பட்டறைகளும் குடிசைகளும் இருந்த இடம். ஒரு குடிசையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் நின்றால் அடுப்பும் படுக்கையும் ஒரே அறை என்பது புரியும். 1794-ல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் பத்து முதல் பதினாறு வயதுப் பையன்கள் வேலை செய்தார்கள். யாருக்கு எவ்வளவு இரும்பு கொடுத்தது, எவ்வளவு ஆணி வந்தது, எவ்வளவு சேதாரம் என்று ஜெஃபர்சனே கணக்கு எழுதினார். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளையே பார்த்து நின்ற நம்ம அத்தைமாருக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஜெஃபர்சனுக்குப் பிள்ளைகள் பெற்ற சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணுக்கென்றே 2018 முதல் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு "நாமும் அடிமைதானே" என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு ஒப்புதல் இல்லை. நம் பாட்டன்மார் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு மலையேறினார்கள், அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். ஆனால் அவர்கள் பிள்ளையை யாரும் ஏலம் போடவில்லை. பொறாமைப்பட வேண்டியது வேறொன்றுக்கு. அங்கே குடிசையையும் டிக்கெட்டுக்குள் சேர்த்திருக்கிறார்கள். இங்கே துரை பங்களா ரிசார்ட்டாகிறது. லயத்தின் பெயர் வெளியூர் வரை போனது 2020-ல் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியபோது.

வெர்னனிலும் அடிமைகள் தங்கிய செங்கல் கொட்டடியைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். வாஷிங்டன் கல்லறைக்குக் கொஞ்ச தூரத்தில் அவர்களுக்கு நினைவிடமும் உண்டு. ஆனால் ஆற்றைப் பார்த்த கண் அந்தப் பக்கம் திரும்புவது சிரமம். இன்னொரு பழைய ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசனின் மான்ட்பெலியர் என்று மூன்றாவது ஒன்று, மான்டிசெல்லோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

ஒரே நாள், கையில் கார் இல்லை, கூடவே சின்னப் பிள்ளைகள் என்றால் வெர்னன்.  எஸ்டேட்டில் மஸ்டரில் (வருகைப் பதிவில்) பேர் போட்டு வேலை செய்தவர்களை அழைத்துப் போவதானால் மான்டிசெல்லோ. கைடு ஆங்கிலத்தில்தான் பேசுவார், மகனோ மருமகளோ பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நேரம் இருந்தால் வெர்னனை முதலில் முடித்துவிடுங்கள். மாற்றிப் போனால் வெர்னன் சப்பென்று இருக்கும்.