புது ஹாப்ஸ் என்று நம்பி 6,840 ரூபாய் போச்சு: வாங்கப் போறவங்க படிச்சிட்டு வாங்குங்க

எனக்கு ஹாப்ஸ் விற்ற கடைக்காரர்கள் இன்று காலை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். ஆறு நாள் பொறுமையாகப் பேசியதற்குக் கிடைத்த மரியாதை இது. கடை பெயரைப் போடவில்லை. பீர் காய்ச்சும் சாமான், ஈஸ்ட், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ) எல்லாம் வெளிமாநிலத்திலிருந்து கூரியரில் அனுப்பும் இணையக் கடை. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு எந்த மாதிரிக் கடை என்று புரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது பீர் சமாச்சாரம் இல்லை. வீட்டில் பீர் காய்ச்சுவது 1937 மதுவிலக்குச் சட்டப்படி இங்கே குற்றம். நான் போடுவது ஹாப் சோடா. ஐபிஏ என்ற ஹாப்ஸ் தூக்கலான பீரில் மூக்கைத் துளைக்கும் அந்த மாம்பழ, நார்த்தங்காய் வாசனையை ஈஸ்ட்டும் மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இல்லாமல் வெறும் தண்ணீரில் இறக்கி, கேஸ் ஏற்றிக் குடிப்பது. தண்டையார்பேட்டை வெயிலுக்கு அதைவிட நல்ல பானம் எனக்குத் தெரியாது.

வாங்கியது இரண்டு வகை. நெக்டரான் 200 கிராம், கிரஷ் 200 கிராம். 100 கிராம் 1,650 ரூபாய், நாலு பாக்கெட் 6,600. ஐஸ் பேக் வைத்து அனுப்ப 240. மொத்தம் 6,840 ரூபாய், முழுவதும் முன்பணமாக ஜிபே.

இரண்டும் புது வகை. நெக்டரான் நியூசிலாந்தில் உருவாகி 2020இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஆய்வாளர் ரான் பீட்சனின் ‘ரான்’தான் பெயரின் கடைசியில் இருக்கிறது. கிரஷ் அமெரிக்க வகை. பல வருஷம் எச்பிசி 586 என்ற எண்ணோடு திரிந்து, 2024இல்தான் பெயர் வாங்கியது. முதலாவதில் அன்னாசி, பேஷன் ஃப்ரூட். இரண்டாவதில் ஆரஞ்சு, மாம்பழம், கொய்யா. இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நம்ம ஊரில் எத்தனை பேர் மோந்து பார்த்திருப்போம்? இந்த ஏமாற்று வேலைக்கு இடம் கொடுப்பதே அதுதான். 1972லிருந்து புழக்கத்தில் இருக்கும் கேஸ்கேட் என்ற பழைய ஹாப்ஸ் வகையை மாற்றிக் கொடுத்தால் பழகின மூக்கு உடனே பிடித்துவிடும். புது வகையில் எது வந்தாலும் ‘இதுதான் இதோட வாசனை போல’ என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அதை அவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

நம்பியது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். போனில் ஆல்ஃபா, அதாவது கசப்பு தரும் அமிலம், எத்தனை சதவீதம் என்று கேட்டேன். கடைப் பையன் யோசிக்கவே இல்லை. “நெக்டரான் பதினொண்ணு ண்ணா, 2024 க்ராப், எல்லாமே பிரீசர்லதான் வெச்சிருக்கோம்” என்றான். பதினொன்று சரியான எண். பின்னாலேயே பெரிய ஃபாயில் பையின் போட்டோ வந்தது. அதில் லாட் நம்பர், அறுவடை வருஷம், ஆல்ஃபா எல்லாம் அச்சில் இருந்தன. விஷயம் தெரிந்த பையன் என்று அந்த நிமிஷமே பணத்தை அனுப்பினேன். “ரெண்டுமே செப்டம்பர் அறுவடை ண்ணா” என்று அவன் சொன்னதும் காதில் விழுந்தது. அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுப்பார்கள். நியூசிலாந்து பூமியின் தெற்குப் பாதியில் இருக்கிறது, அங்கே அறுவடை பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்து மார்ச்சில் நடக்கும். நெக்டரானுக்கு செப்டம்பர் அறுவடை என்று ஒன்று கிடையவே கிடையாது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நாலாம் நாள் வந்த பார்சலில் ஐஸ் பேக் உருகி, தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. போட்டோவில் காட்டிய ஃபாயில் இல்லை. மிக்சர் கட்டித் தருகிற மாதிரி சாதா ஜிப் கவர், மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘என்’, ‘கே’. லாட் நம்பர் இல்லை, வருஷம் இல்லை. ஹாப்ஸுக்கு எதிரி காற்றும் சூடும். நைட்ரஜன் அடைத்த ஃபாயிலில், பிரீசரில் இருந்தால் பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ் உருண்டை) பச்சையாக இருக்கும், விரலில் நசுக்கினால் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டும். வந்தது பழுப்பேறிய மஞ்சள், நசுக்கினால் மரத்தூள் மாதிரி உதிர்ந்தது. வாசனை பழைய சீஸும் வேர்த்த காலுறையும். ஆல்ஃபா அமிலம் காற்றுப் பட்டுச் சிதையும்போது வருகிற ஐசோவலேரிக் அமிலத்தின் நாற்றம் அது. கூரியரில் நாலு நாள் கிடந்ததால் மட்டும் இவ்வளவு தூரம் கெடாது. மாதக்கணக்கில் திறந்து கிடந்த சரக்கு.

இருந்தாலும் ஒரு வாய்ப்பு கொடுப்போம் என்று இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்கவைத்து, எலுமிச்சை உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, ஆறவைத்து எடுத்த மாதிரியில் புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டர் 4.1 காட்டும்வரை கொண்டுவந்தேன். இந்தப் படியை விடக் கூடாது. தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் ஹாப்ஸிலிருந்து துவர்ப்பும் கரடுமுரடான கசப்பும் இறங்கும், நிறமும் மங்கும். அடுப்பை அணைத்து 75 டிகிரிக்கு இறங்கியதும் 25 கிராமை மல்லுத் துணியில் தளர்வாகக் கட்டி 20 நிமிஷம். கொதிக்கும்போது போட்டால் ஆல்ஃபா மாறி கஷாயம் ஆகிவிடும். 75இல் கசப்பு குறைவு, வாசனை மட்டும் இறங்கும். துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் தூள் கலந்து தொண்டையில் அரிக்கும். பிறகு ஐஸ் தொட்டியில் ஆறவைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, தெளிவை மட்டும் கெக்கில் (கேஸ் ஏற்றும் மூடிய உலோகக் குடம்) ஊற்றி, 4 டிகிரியில் 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கேஸ்.

‘என்’னும் ‘கே’யும் ஒரே வாசனை. வைக்கோல், சீஸ், பின்னால் நாக்கைப் பிடிக்கும் காறல். அன்னாசியும் இல்லை, மாம்பழமும் இல்லை. பெல்லட்டின் நிறமும் தடிமனும்கூட ஒன்றுதான். ஒரே பழைய மூட்டையை இரண்டு கவரில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. பீராக இருந்தால் மால்ட் இனிப்பும் ஈஸ்ட் வாசனையும் கொஞ்சமாவது மூடும். சோடாவில் மறைக்க எதுவும் இல்லை. 20 லிட்டரையும் சாக்கடையில் ஊற்றினேன்.

இதற்கு அவர்கள் சொன்ன பதில்களைக் கேளுங்கள். முதல் நாள், “கூரியர் லேட் ண்ணா, எங்க தப்பு இல்ல.” அப்புறம், “புது வெரைட்டி, அப்படித்தான் வாசனை வரும்.” மூன்றாம் நாள், “உங்க ஊர் தண்ணி சரியில்ல ண்ணா, மெட்ரோ வாட்டர்ல போட்டா இப்படித்தான்.” ஆர்ஓ தண்ணீர், பிஎச் 4.1 என்று மீட்டர் போட்டோவோடு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்து வேறொரு ஆள், “பாக்கெட் பிரிச்சிட்டீங்க சார், ரிட்டர்ன் பாலிசில வராது.” பிரிக்காமல் எப்படி ஐயா மோந்து பார்ப்பது? அப்படியானால் போட்டோவில் காட்டிய அந்த ஃபாயில் லாட்டின் பில்லை மட்டுமாவது அனுப்புங்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் பிளாக். 6,840 ரூபாய். ஒரு ‘சாரி’கூட இல்லை.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிரிக்காத கம்பெனி ஃபாயில் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள், மறுகட்டு வேண்டவே வேண்டாம். லாட் நம்பரும் அறுவடை வருஷமும் உங்கள் கைக்கு வரும் பாக்கெட்டிலேயே இருக்க வேண்டும், போட்டோவில் இருந்தால் போதாது. எந்த நாடு, எந்த மாத அறுவடை என்று கேளுங்கள், பொய் அங்கேயே வெளியே வரும். முதலில் 50 கிராம் மட்டும். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. வெயில் காலத்தில் கூரியரில் வரவழைக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் மதியம் புகார் பதிந்துவிட்டேன். பில், ஜிபே ரசீது, மீட்டர் போட்டோ, அவர்கள் அனுப்பிய அந்த ஃபாயில் போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறேன். மிச்சம் 350 கிராம் அதே ஜிப் கவரில், ஸ்கெட்ச் பேனா எழுத்தோடு பிரீசரில் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி ‘என்’, ‘கே’ என்று எழுதின கவர் யாருக்காவது வந்திருந்தால் தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள்.