சாட்ஸ்வர்த் சமையலறைக்கு ஒரு பயோகேஸ் பை: வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் கோயில் பிரேயருக்கும் கல்யாணத்துக்கும் சமைத்துக் கொடுப்பது என் தொழில். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் மூட்டை மூட்டையாகச் சேரும். அதிலிருந்தே அடுப்பெரிக்கலாம் என்று, கழிவை உள்ளே மக்கவைத்து எரிவாயு தரும் பயோகேஸ் பை ஒன்றை டர்பன் கடையில் வாங்கிக் கொல்லையில் வைத்தேன். கட்டாயம் வாங்கலாம். ஆனால் ஆடி மாதத்தை நம்பி வாங்காதீர்கள்.

மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி நமக்குக் குளிர்காலத்தில் வருகிறது. பைக்குள் மீத்தேன் என்ற எரிவாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரி வாக்கில்தான் நன்றாக வேலை செய்யும். ஜூலை இரவுகளில் டர்பன் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். கூழுக்குப் பெரிய பானை ஏற்றும் அதே வாரங்களில் பை தொய்ந்து கிடக்கிறது. விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை, கையேட்டிலும் ஒரு வரி இல்லை. இது எனக்குப் பெரிய குறை. வாங்குகிறவர்கள் வடக்கு வெயில் நாள் முழுக்க விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். மேலே கண்ணாடித்தாள் பந்தல் போட்டால் இன்னும் நல்லது.

புரட்டாசியில் நிலைமையே வேறு. வீட்டுக்கு வீடு விரதம், மரக்கறி ஆர்டர் குவியும், சூடும் திரும்பிவிடும். பை திம்மென்று நிற்கும்.

1 கன மீட்டர் பயோகேஸ் ஏறக்குறைய அரை கிலோ சிலிண்டர் கேஸுக்குத்தான் சமம். பிரியாணி அண்டாவுக்கு இது போதாது. பருப்பு, ரசம், டீ, தாளிப்புக்குத் தாராளம். மின்வெட்டிலும் நீல நிறத்தில் நின்று எரிகிறது.

முதலில் மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றிச் சில வாரம் பொறுக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிவு போட வேண்டும். சோறும் உருளைக்கிழங்கும் ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே புளித்து, வரும் வாயு தீப்பிடிக்காது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் அதிகம் வேண்டாம், அந்தத் தோலின் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. வெளியே வரும் கரைசலைத் தண்ணீர் கலந்து கறிவேப்பிலைக்கு விடுகிறேன், தளதளவென்று துளிர்க்கிறது.

பிரிட்டோரியாவுக்குப் பக்கத்து ப்ரோங்கோர்ஸ்ட்ஸ்ப்ரெய்ட்டில் 2015 முதல் மாட்டுச்சாணத்திலும் உணவுக் கழிவிலும் மின்சாரம் எடுத்து, பிஎம்டபிள்யூவின் ராஸ்லின் கார் தொழிற்சாலைக்குக் கொடுத்து வந்தார்கள். வெஸ்டர்ன் கேப் மாகாணமோ 2027-க்குள் மக்கும் கழிவு எதுவும் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்று இலக்கு வைத்திருக்கிறது. நம் பக்கமும் அப்படி ஓர் இலக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்குள் இந்தப் பையை விற்பவர்கள் குளிருக்கு ஒரு மூடுபாயையும் சேர்த்தே கொடுக்கட்டும். இப்போது அதைத் தனியாகத் தேடி வாங்க வேண்டியிருக்கிறது.